சுகர் கிளைடர் வளர்க்கலாமா? திருநெல்வேலி வீட்டுக்கு எது ஒத்துவரும்

சுகர் கிளைடர் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: ராத்திரி ஃபேனை அணைத்துவிட்டுத் தூங்க முடியுமா? பாளையங்கோட்டையில் சித்திரை மாதத்து இரவைக் கழித்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் உடனே தெரியும். அலமாரி உச்சியிலிருந்து ஜன்னல் திரைக்குப் பாய்கிற பிராணி அது. பாயும் வழியில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஃபேனை நிறுத்தினால் மனுசனும் வேகணும், பிராணியும் வேகணும். ஏசி போட்ட தனி அறை ஒன்றை அதற்கென்றே ஒதுக்க முடிந்தவர்களுக்குப் பேச்சு வேறு.

கேட்கிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். சில சமயம் அந்தப் பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காத அப்பாக்கள். "அண்ணாச்சி, உள்ளங்கை அளவுதான் இருக்கு. சட்டைப் பையில போட்டுக்கிட்டே வளக்கலாமாம்லா. அது என்னத்தப் பெருசா தின்னுரப் போவுது?" சின்ன உருப்படி, ஆகவே சின்னச் செலவு, சின்ன வேலை. இந்தக் கணக்கில்தான் எல்லோரும் வருகிறார்கள். கணக்கு எங்கே உதைக்கிறது என்று பார்க்கலாம். அதே ஆசைக்கு நம் பக்கத்தில் வேறு என்னென்ன வழி உண்டு, அவை இதைவிட மேலா மோசமா என்றும் பார்க்கலாம். நான் கால்நடை மருத்துவன் இல்லை. நாயும் பறவையும் வளர்த்துப் பழகியவன். அந்த அளவுக்குத்தான் என் பேச்சு.

ஆளைத் தெரிந்துகொள்வோம்

பார்வைக்கு அணில்பிள்ளை மாதிரி இருந்தாலும் அணிலுக்கும் இதற்கும் உறவு கிடையாது. கங்காரு போல வயிற்றுப் பையில் குட்டியை வளர்க்கும் இனம். கர்ப்பம் பதினாறு நாள் அளவுதான். அரிசி அளவில் பிறக்கிற குட்டி தானாக ஊர்ந்து தாயின் பைக்குள் போய், சுமார் 70 நாள் அங்கேயே பால் குடித்து வளரும். முழு வளர்ச்சியில் எடை 100 முதல் 150 கிராம் வரை. முன்னங்கால் விரலிலிருந்து பின்னங்கால் வரை இரண்டு விலாவிலும் தோல் மடிப்பு இருக்கிறது. நான்கு காலையும் விரித்துப் பாய்ந்தால் 50 மீட்டர் வரை காற்றில் சறுக்கிக்கொண்டு போய் அடுத்த மரத்தில் ஒட்டும். இறக்கை அடித்துப் பறப்பதல்ல இது. உயரத்திலிருந்து சரிந்து இறங்குவது. ஆகவே அதற்கு உயரம் வேண்டும். தரையில் அகலமாக இருக்கும் முயல் கூண்டு இதற்குச் சிறைதான்.

சொந்த ஊர் ஆஸ்திரேலியாவும் நியூ கினியும். ஆஸ்திரேலியாவில் ஒரே இனம் என்று எண்ணியிருந்ததை 2020-ல் மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். அமெரிக்காவில் செல்லப்பிராணியாக விற்கப்படுபவற்றின் மரபணுவை ஆராய்ந்தபோது, அவற்றின் பூர்வீகம் இந்தோனேசியாவின் மேற்குப் பப்புவா என்று தெரிந்தது. ஆஸ்திரேலியா தன் நாட்டு விலங்குகளை உயிரோடு வியாபாரத்துக்கு வெளியே விடுவதில்லை. ஆக, நம்மூர் வரை வந்து சேரும் குட்டியின் பாட்டன் பூட்டன் எந்தக் காட்டில் இருந்தது, எந்த வழியாக இங்கே வந்தது என்பது விற்கிறவருக்கே தெரிந்திருக்காது.

காட்டில் மரப்பொந்தில் ஏழெட்டாகச் சேர்ந்து ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு தூங்கும். ஆண் தன் தலையிலும் நெஞ்சிலும் உள்ள சுரப்பியைக் கூட்டத்தார் மேல் தேய்த்து வாசம் பூசிவைக்கும். வாசத்தை வைத்துத்தான் தன்னவர் யார், அந்நியர் யார் என்று அறியும். இந்தச் செய்தி வளர்க்கிறவருக்கு இரண்டு விதத்தில் முக்கியம். ஒன்று, தனியாக வளர்த்தால் நோகும். ஏங்கிப்போன பிராணி தன் முடியைப் பிடுங்கும், வாலையும் காலையும் கடித்துப் புண்ணாக்கும். மனிதன் எவ்வளவு கொஞ்சினாலும் இன்னொரு சுகர் கிளைடரின் இடத்தை நிரப்ப முடியாது, ஏனென்றால் அது விழித்திருக்கும் நேரத்தில் நாம் தூங்குகிறோம். இரண்டு, உங்கள் வீட்டில் அந்த வாசம் இருக்கும். மூத்திரத்தை நினைத்த இடத்தில், பாயும்போதுகூட விடும். நாய்க்குப் பழக்குவது போல இதற்குப் பழக்க முடியாது.

சரி, ஜோடியாக வாங்கலாம் என்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்தால் குட்டி. வருசத்துக்கு இரண்டு ஈற்று வந்தால் யாரிடம் கொடுப்பீர்கள்? குட்டி வேண்டாமென்றால் ஆணுக்கு அறுவை செய்ய வேண்டும். அந்தப் பேச்சு டாக்டரிடம் போய் முடிகிறது. டாக்டர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நம் வீட்டு நேரமும் வெக்கையும்

நம் வீடுகளில் பத்து பத்தரைக்கு விளக்கணைகிறது. விடியுமுன் எழுந்து வாசல் தெளிக்கிற பழக்கம் இன்னும் பல தெருக்களில் இருக்கிறது. சுகர் கிளைடர் சரியாக இதற்கு நேர்மாறு. நாம் படுக்கும்போது எழும்பி, கூண்டுக்குள் ஏறி இறங்கி, நடுச்சாமத்தில் நாய்க்குட்டி போலக் குரைக்கும். பயந்தால் கர்ரென்று ஒரு சத்தம் போடும். முதல் தடவை கேட்கிற பெரியவர்கள் எந்திரம் ஏதோ கெட்டுவிட்டது என்று எழுந்து வருவார்கள். செல்போனில் சுற்றும் வீடியோக்களில் பட்டப்பகலில் ஒருவர் கையில் சமர்த்தாகக் கிடக்கிறதே என்றால், அது பாசத்தில் கிடக்கவில்லை, தூக்கத்தில் கிடக்கிறது. தூங்குகிற பிள்ளையை எழுப்பி எழுப்பிக் கொஞ்சுவது எந்த வீட்டிலும் நல்ல பழக்கமில்லை.

இரவு வேலைக்குப் போய்வருகிறவர், அல்லது ஒரு மணி இரண்டு மணி வரை விழித்துப் படிக்கிறவர் என்றால் இந்த ஒரு விஷயத்தில் பொருந்தும். அதுவும் படிப்பு முடியும் வரைதான். இதன் ஆயுள் பத்து பன்னிரண்டு வருசம். பத்தொன்பது வயதில் வாங்குகிற பையன் படித்து, சென்னைக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகியிருப்பான். பிராணி இன்னும் உயிரோடு இருக்கும். யார் வீட்டில்? ஆத்தா வீட்டில். கடைசியில் இதை வளர்க்கப் போகிறவர் யாரோ, அவரிடம்தான் முதலில் சம்மதம் கேட்க வேண்டும். கேட்டால் பாதி வீடுகளில் பேச்சு அன்றைக்கே முடிந்துவிடும்.

வெக்கையைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது: ஆஸ்திரேலியா சூடான நாடுதானே, அங்கே வாழ்கிறது இங்கே வாழாதா என்று. மரப்பொந்து வெயில் படாத இடம். பகல் முழுக்க அதற்குள் படுத்துக் கிடந்து இரவில்தான் வெளியே வருகிறது. வீட்டில் வளர்ப்பவர்களுக்கு 24 முதல் 27 டிகிரி வரை வசதியான வெப்பம் என்பார்கள். 32-ஐத் தாண்டினால் சோர்ந்து நாக்கைத் தொங்கவிட ஆரம்பிக்கும். கான்கிரீட் கூரை போட்ட நம் மாடியறை மே மாதத்தில் எத்தனை டிகிரி என்று சொல்லத் தேவையில்லை. ஏசியைப் போட்டு 18-ல் வைத்தால் அதுவும் ஆபத்து. உடம்பு குளிர்ந்தால் அசையாமல் விறைத்த மாதிரி ஒரு மந்த நிலைக்குப் போகும் இயல்பு இதற்கு உண்டு. அதைச் சாவு என்று நினைத்து அலறுவோரும் உண்டு, தூக்கம் என்று நினைத்துச் சாகவிடுவோரும் உண்டு. இடையில் கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

தீனி: எல்லோரும் இடறும் இடம்

கடையில் சொல்வது: பழம் கொடுங்க, கொஞ்சம் தேன் கொடுங்க, போதும். இந்தச் சொல்லை நம்பித்தான் அதிகமான பிராணிகள் போய்ச்சேருகின்றன.

காட்டில் இது முக்கியமாகச் சாப்பிடுவது மரச்சாறு, வேலமர வகைகளின் பிசின், பூந்தேன், பூச்சி. உடம்புக்குச் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும். பழத்தில் சுண்ணாம்பு கொஞ்சம்தான். பூச்சிக்குப் பதில் கடையில் கிடைக்கும் மீல்வார்ம் புழுவில் பாஸ்பரஸ் கூடுதல், சுண்ணாம்பு குறைவு. வாழைப்பழமும் திராட்சையும் மீல்வார்மும் மட்டும் மாசக் கணக்கில் கொடுத்தால், ரத்தத்தில் குறைகிற சுண்ணாம்பை உடம்பு எலும்பிலிருந்து உருவி எடுக்கும். எலும்பு மெலியும். ஒரு நாள் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு நகரும். கண்டதும் ஓடினால் சிலவற்றை மீட்கலாம். பல அப்படியே போய்விடும். நேற்று வரை துள்ளிக்கொண்டிருந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இந்த நோய் மாசக் கணக்கில் தட்டில்தான் உருவாகியிருக்கும்.

அனுபவஸ்தர்கள் பழத்தை மட்டும் நம்புவதில்லை. லெட்பீட்டர் கலவை என்று ஒன்று இருக்கிறது. தேன், அவித்த முட்டை, குழந்தைகளுக்கான தானிய மாவு, வைட்டமின் தூள் எல்லாம் வெந்நீரில் அரைத்து, உறைய வைத்து, தினம் கொஞ்சமாகக் கொடுப்பது. அதோடு சுண்ணாம்புப் பொடி தூவிய பூச்சி, கொஞ்சம் காய், கொஞ்சம் பழம். பப்பாளி நல்லது. வயலில் பிடித்த வெட்டுக்கிளியும் சில்வண்டும் வேண்டாம். எந்த வயலில் எப்போது மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. சாக்லேட், காபி, வெங்காயம் கூடவே கூடாது. இதையெல்லாம் எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டினாலும் விருந்துக்கு வந்த சித்தப்பா ஒருவர் அல்வாத் துண்டை நீட்டுவார். நெல்லையில் இதைத் தடுக்கச் சட்டம் போட்டாலும் முடியாது.

சைவ வீடுகளில் இன்னொரு பாடு. முட்டை அவிக்க அடுப்படி கிடையாது, ஃபிரிஜ்ஜில் புழு டப்பா வைக்க இடம் கிடையாது. பூச்சியோ முட்டையோ இல்லாமல் இதை வளர்க்கிறேன் என்று யாராவது சொன்னால், அந்தப் பிராணி அதற்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

டாக்டரும் சட்டமும்

ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் மாவட்டத்துக்குப் பெரிய துணை. ஆனால் நம் பக்கத்து மருத்துவர்களின் அன்றாட வேலை மாடு, ஆடு, கோழி, நாய், பூனை. நூறு கிராம் பிராணிக்கு மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்வது தனிப் பழக்கம். அந்தப் பழக்கம் எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வாங்கிய பிறகு தேடாமல் வாங்குமுன் கேளுங்கள்: சுகர் கிளைடருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறீர்களா, ஆணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்வீர்களா? இல்லை என்ற பதில் வந்தால் மதுரையோ திருவனந்தபுரமோ போக வேண்டியிருக்கும். இவ்வளவு சின்ன உடம்பு நோய் வந்து ஒரு நாள் தீனி எடுக்காவிட்டாலே தளர்ந்துவிடும். பஸ் பயணத்துக்கு அவகாசம் கிடைக்காது.

சட்ட விஷயத்தில், விற்கிறவர்கள் பாதி உண்மை சொல்கிறார்கள். காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. சர்வதேச வணிக உடன்படிக்கையான சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்கை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. சுகர் கிளைடர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே "லீகல்தான் அண்ணாச்சி" என்பார்கள். மீதிப் பாதி இது: உயிருள்ள பிராணியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி அனுமதியும் நோய்த்தடுப்புச் சோதனையும் வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் மாட்டும் விலங்குகளைப் பற்றி அடிக்கடி படிக்கிறோம். மாட்டாமல் தப்பியது எங்கேயோ ஒரு கூண்டில் விலைக்கு வரும். செல்லப்பிராணிக் கடை நடத்த 2018-ல் வந்த விதிகளின்படி பதிவுச் சான்று வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டி, ரசீது போட்டு, குட்டி எங்கே பிறந்தது என்று எழுதித் தருகிற இடத்தில் மட்டும் வாங்கலாம். இப்படிக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவரிடம் நின்று பேச வேண்டாம். அமெரிக்காவிலேயே கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் இதை வளர்க்கத் தடை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

நம்ம மலையிலேயே இருக்கே?

இப்படிக் கேட்பவர்களும் உண்டு. இருக்கிறது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-ல் தமிழ்நாட்டில் முதலாவதாக அறிவிக்கப்பட்டது, நமக்குத் தலைமாட்டில் இருக்கிறது. அந்த மலைக்காட்டில் பெரிய பறக்கும் அணில் உண்டு. வாலோடு சேர்த்தால் மூன்று அடி வரும். இது சுகர் கிளைடருக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை, அசல் அணில். சறுக்கும் வித்தையை இரண்டும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டிருக்கின்றன. சின்னதாகத் திருவிதாங்கூர் பறக்கும் அணில் என்று இன்னொன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்கில் உண்டு. ஏறத்தாழ நூறு வருசம் யார் கண்ணிலும் படாமலிருந்து 1989-ல் கேரளத்தில் மறுபடி கண்டுபிடித்தார்கள்.

மாஞ்சோலைக்கு மேலே கக்காச்சிப் பக்கத்து மழைக்காட்டில் வெடிப்பலா மரம் உண்டு. கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அந்தப் பூவைத் தின்ன இரவில் பறக்கும் அணில் வரும், பகலில் சோலைமந்தி வரும். தின்றுவிட்டு மகரந்தத்தை முகத்தில் அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகும். அங்கே நடந்த ஆராய்ச்சியில் அந்த மரம் காய்ப்பதே இந்தப் பிராணிகளின் புண்ணியத்தில் என்று தெரியவந்தது. அப்படிப்பட்ட உருப்படியைப் பொந்திலிருந்து எடுத்து வந்து பாளையங்கோட்டை மாடியில் பூட்டுவதைப் பற்றி நான் கருத்துச் சொல்ல அவசியமில்லை, சட்டமே சொல்கிறது. பிடிப்பதும் வைத்திருப்பதும் வாங்குவதும் விற்பதும் குற்றம், சிறை வரை போகும். யாராவது "காட்டுலேருந்து ஒரு குட்டி கிடைச்சிருக்கு, வேணுமா" என்று கேட்டால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். இந்த வழி அடைபட்டது. இதை மற்றவற்றோடு ஒப்பிடவே கூடாது.

மரத்திலிருந்து விழுந்த அணில்பிள்ளைக் குட்டியை எடுத்து வளர்ப்பது நம் வீடுகளில் சகஜம். ஆசை நல்லதுதான். ஆனால் எடுத்ததும் பசும்பால் புகட்டாதீர்கள், வயிற்றோட்டத்தில் செத்துப்போகும். ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் துணி போட்டு, கதகதப்பாக வைத்து, அதே மரத்தடியில் பூனை எட்டாத உயரத்தில் வைத்தால் தாய் தேடி வந்து வாயில் கவ்வித் தூக்கிப் போகும். சாயங்காலம் வரை பொறுத்துப் பாருங்கள்.

அதே ஆசைக்கு வேறு என்ன?

பட்ஜி கிளியைக் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்றே விற்கிறார்கள். இதுவும் ஆஸ்திரேலியாக்காரன்தான், ஆனால் வறண்ட நாட்டுக்காரன். தண்ணீர் கொஞ்சம், வெயில் அதிகம் என்ற ஊரில் கூட்டமாகத் திரிந்து புல்விதை பொறுக்கித் தின்ற சாதி. 1840-ல் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது முதல் வீட்டுக் கூண்டில் தலைமுறை தலைமுறையாகப் பெருகியிருக்கிறது. கோவில்பட்டிக் கரிசலில் விளையும் தினையும் கம்பும் அதன் தீனியில் முக்கால் பங்கு. கீரை, கொத்தமல்லி, ஒரு கணவாய் ஓடு சுண்ணாம்புக்கு. கணவாய் ஓட்டைத் தூத்துக்குடிக் கடற்கரையில் பொறுக்கிக்கூட வரலாம். நன்றாக ஊறவைத்து உப்பெடுத்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். பகலில் கத்தும், ராத்திரி நம்மோடு தூங்கும். நிழலும் காற்றும் உள்ள தார்சாவில் பெரிய கூண்டாக வைத்தால் நம் வெயிலைச் சமாளிக்கும். ஆயுள் ஐந்து முதல் பத்து வருசம்.

குறை இல்லாமல் இல்லை. மடியில் வந்து படுக்காது. ஒற்றைக் கூண்டில் பத்து ஜோடியை அடைத்து வைத்தால் நோய் வரும். தலை திருப்ப இடமில்லாத கையகலக் கூண்டில் விற்பதை வாங்கி அப்படியே தொங்கவிட்டால் அதுவும் கொடுமைதான். பச்சைக்கிளியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பச்சைக்கிளி நம் நாட்டுக் காட்டுப் பறவை; கூண்டில் வைப்பது குற்றம், எத்தனை தாத்தா வீட்டில் வைத்திருந்தாலும். ஆனாலும் நேரம், வெக்கை, தீனி, சட்டம் என்று நான் மேலே பார்த்த எல்லாக் கணக்கிலும் பட்ஜி சுகர் கிளைடரைவிட இந்த ஊருக்குப் பொருந்துகிறது. டாக்டர் விஷயத்தில் மட்டும் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. பறவைக்குப் பார்ப்பவரும் குறைவுதான், கோழி தெரிந்தவர் கொஞ்சம் கை கொடுப்பார்.

முயலையும் கினிப் பன்றியையும் பலர் யோசிக்காமல் பரிந்துரைக்கிறார்கள். இரண்டுக்கும் வெக்கை ஆகாது, சுகர் கிளைடரைவிடவும் ஆகாது என்றே சொல்லலாம். 30 டிகிரிக்கு மேல் கினிப் பன்றி சுருண்டுவிடும். தினமும் வைட்டமின் சி வேறு கொடுக்க வேண்டும்; அதற்கு நெல்லிக்காயும் குடைமிளகாயும் போதும் என்பது ஒரு ஆறுதல். குற்றாலம், செங்கோட்டை, பாபநாசம் பக்கத்தில் சாரலும் நிழலும் உள்ள வீடுகளுக்குச் சரி. வள்ளியூர், நாங்குநேரி வெயிலுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கொஞ்சவும் விளையாடவும் ஒரு உயிர் வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் நாய்க்கு மேல் எதுவும் இல்லை. சுகர் கிளைடரும் பன்னிரண்டு வருசம், நாயும் பன்னிரண்டு வருசம். ஒன்று நீங்கள் தூங்கும்போது விழித்திருக்கும், மற்றது நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்னே சத்தம் கேட்டு எழும்பி நிற்கும். நம் கரிசல் பக்கத்துக் கன்னியும் சிப்பிப்பாறையும் வெயிலுக்குப் பிறந்த சாதிகள். தோலோடு ஒட்டிய முடி, ஒல்லி உடம்பு. ஆனால் அவை ஓட வேண்டிய நாய்கள். முயல் வேட்டைக்கு என்று வளர்த்த ரத்தம். இரண்டு படுக்கையறை அடுக்குமாடியில் கட்டிப்போட்டால் வீட்டைக் கிழித்துவிடும். தோட்டமும் காடும் உள்ளவர்கள் எடுக்கலாம். மற்றவர்களுக்குத் தெருவில் பிறந்த குட்டியே போதும். மூன்றாம் மாதம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு வருசா வருசம். எந்த ஊர்க் கால்நடை ஆஸ்பத்திரியிலும் நாயைப் பார்க்கத் தெரியாத டாக்டர் இல்லை. செலவும் சுகர் கிளைடரைவிட அதிகமாக இருக்காது. ஏசி கரண்ட் பில்லைச் சேர்த்துப் பார்த்தால் குறைவாகவே வரும்.

வளர்க்காமல் பார்ப்பது என்றும் ஒரு வழி இருக்கிறது. பறக்கும் அணிலைப் பார்ப்பது கடினம், இரவில் காப்பகத்துக்குள் விடமாட்டார்கள். ஆனால் முண்டந்துறைப் பக்கம் பகலிலேயே மலை அணில் கிளை விட்டுக் கிளை தாவும்; ஒரே தாவலில் இருபது அடி போகும். திருவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்புப் பக்கம் போனால் சாம்பல் அணில் பார்க்கலாம். அதற்கென்றே 1988-ல் சரணாலயம் வைத்த காடு அது. அனுமதி வாங்கிக்கொண்டு, ஓடையோரத்துப் பெரிய மரங்களை நிமிர்ந்து பார்த்தபடி காலையில் நடக்க வேண்டும். கழுத்து வலிக்கும். வீட்டுக் கைப்பிடிச் சுவரில் தண்ணீரும் கொஞ்சம் நொய்யும் வைத்தால் அணில்பிள்ளை தினமும் வரும். இதற்குக் கரண்ட் பில்லும் இல்லை, டாக்டரும் வேண்டாம்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களும், வாங்கியே தீருவேன் என்பவர்களும்

வீட்டில் ஒன்று இருந்து, இதைப் படித்துவிட்டு மனசு கேட்காமல் மலையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று தோன்றினால், தயவு செய்து வேண்டாம். நம் காட்டில் அது ஒன்று பட்டினியில் சாகும், அல்லது பிழைத்துப் பொந்துக்குப் பொந்து பறவை முட்டையைத் தின்னும். டாஸ்மேனியாவில் இந்த வகையறாவை மனிதர்கள் கொண்டுபோய் விட்டதில், அங்கே பொந்தில் கூடு வைக்கும் ஸ்விஃப்ட் கிளியின் முட்டை, குஞ்சு, அடைகாக்கும் தாய் வரை தின்று அந்த இனத்தையே ஆபத்தில் நிறுத்திவிட்டது. தனியாக இருந்தால் துணை சேருங்கள். அதுவும் ஒரே நாளில் ஒரே கூண்டில் போடாமல், பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்து, துணிப்பையை மாற்றிப் போட்டு வாசம் பழகவிட்டு. தீனியை மாற்றுங்கள். வெளியே விடும் அறையில் ஃபேன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டி, தண்ணீர் வாளியையும் கக்கூஸ் மூடியையும் மூடி வையுங்கள். தண்ணீரில் விழுந்து சாவது வீடுகளில் நடப்பதுதான்.

வாங்கியே தீருவேன் என்பவர்களில் சிலருக்கு நான் சரி என்று சொல்வேன். தனி அறை, அதில் வெப்பம் கட்டுப்படுத்தும் வசதி, ஃபேன் இல்லாத கூரை, இரவில் விழித்திருக்கும் வேலை, முட்டைக்கும் புழுவுக்கும் மறுப்பில்லாத அடுப்படி, கை வைக்கத் தயாரான ஒரு டாக்டர், பத்து வருசத்துக்கு ஊரை விட்டுப் போகும் எண்ணமில்லாத ஒரு ஆள். இத்தனையும் ஒரே வீட்டில் அமைவது அபூர்வம், அமையாது என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்கள் அகலம் இரண்டு அடி, ஆழம் இரண்டு அடி, உயரம் மூன்று அடிக்குக் குறையாத கூண்டு வாங்குங்கள். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் கூடாது. குட்டியைப் பார்க்கப் பகலில் போகாதீர்கள். பகலில் எல்லாக் குட்டியும் ஒரே மாதிரி சமர்த்தாகத்தான் தெரியும். இருட்டிய பிறகு கடைக்குப் போய், அது எழும்பி நான்கு காலிலும் ஏறி இறங்குகிறதா, பின்னங்கால் உறுதியாகப் பற்றுகிறதா என்று பாருங்கள். வெள்ளை நிறத்துக்குப் பல மடங்கு விலை சொல்வார்கள். சாம்பல் நிறமே போதும். பங்குனியிலும் சித்திரையிலும் வாங்க வேண்டாம். ஐப்பசியில் மழை விழுந்த பிறகு வாங்கினால் அது வீட்டுக்குப் பழக நாலைந்து மாதம் கிடைக்கும், அதற்குள் ஏசி எத்தனை மணி நேரம் ஓடப் போகிறது என்று நீங்களும் கணக்குப் போட்டுவிடலாம்.